இரண்டாவது கிரீம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக முடிந்திருக்க வேண்டியது. சேலத்திலிருந்து வரும் ஒரு மாத இதழின் பெண்கள் பக்கத்துக்கு நான் அவ்வப்போது எழுதுகிறேன். பாதவெடிப்புக்கு என்ன தடவுவது, கீரையை எத்தனை நாள் வைத்திருக்கலாம், அந்த மாதிரி. போன வைகாசியில் ஆசிரியர் இளவழகன் கூப்பிட்டார்.

"மேரி மேடம், வீட்டுலயே போட்டுக்கற ஹேர் ஸ்ட்ரெயிட்டனிங் கிரீம் இருக்குதில்லீங்களா, அதுல மைல்டானதா எப்படிப் பாத்து வாங்கறதுன்னு ஒரு பக்கம் குடுங்க. நெறையப் பொண்ணுங்க கேக்கறாங்க."

எனக்கு முடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணெய் வைப்பேன், கொண்டை போடுவேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது முக்காடு போட்டு அதையும் மறைத்துவிடுவேன். அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 'மென்மையான கிரீமைத் தேர்ந்தெடுக்கும்போது' என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. அப்போதுதான் தனப்பிரியாவின் நினைவு வந்தது. ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழ் எடுத்தபோது அவள் வேதியியல் எடுத்தாள். நான் வேலையை விட்டபிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவள் பாடம் எடுப்பதுபோலவே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். கடைசியில், "இன்னொண்ணுங்க்கா. ஒரு வகைக் கிரீம் போட்ட முடி மேல இன்னொரு வகையப் போடவே கூடாது. இத மட்டும் கொட்டை எழுத்துல போடச் சொல்லுங்க" என்றாள்.

"போட்டா என்ன ஆகும் தனம்?"

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு சொன்னாள்.

கட்டுரை வந்துவிட்டது. அந்த வரியும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் அதன்பிறகு சொன்னது கட்டுரையில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

'நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேகும் வாசனை காற்றில்' — நிறுத்திவிட்டேன். நடந்தது கட்டுரைக்கு முந்தின வருடம், ஆனி மாதம். மஞ்சள் வேகவைப்பதெல்லாம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். வாசனைக்காகப் பொய் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

'தனப்பிரியாவின் கூந்தல் ஒரு காடு. அதற்குள்' — இதையும் விட்டேன். காடு என்ற சொல்லை ஒரு கல்யாணப் புரோக்கர் ஏற்கெனவே அவள்மேல் எறிந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

'தன் மகளின் தலையை ஒரு தாய் தன் கையாலேயே' — இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு முழுப் பக்கம் போனேன். போனில் அவளுக்கே வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எங்கம்மாள அப்புடி எழுதறதா இருந்தா எழுதவே வேண்டாங்க்கா" என்றாள்.

ஆகவே அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன்.

தனப்பிரியா என்பது நான் வைத்த பெயர். எழுதிக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. அப்பா கந்தப்பனுக்கு நாமகிரிப்பேட்டையில் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுகிற தோட்டம். அம்மா கண்ணாத்தாள். ஒரே மகள். அப்பா வழியில் வந்த சுருட்டை முடி, விரலை விட்டால் விரல் சிக்கிக்கொள்ளும் சுருட்டை. பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை எழுத மாட்டேன், அது அவளுக்கும் தெரியும்.

3

எங்கள் பக்கத்து நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இப்போது பெண் கிடைப்பதுதான் கஷ்டம். தோட்டமும் வீடும் காரும் இருந்தும் கண்ணாலம் ஆகாமல் வயது ஏறிப்போன பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்த நிலவரத்திலும் தனப்பிரியாவை இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கண்ணாத்தாளை அரித்தது அதுதான்.

"ஊரெல்லாம் பொண்ணு கெடைக்காம அலையறாங்க. என்ற பொண்ணப் பாத்துட்டு மட்டும் எந்திரிச்சுப் போறாங்களே, அப்புடி என்னங்க கொறை?" என்று புரோக்கர் தனபாலிடம் கேட்டிருக்கிறாள்.

தனபால் மென்று முழுங்கிவிட்டு, "முடிதானுங்க. காடாட்டம் இருக்குதுன்னு சொன்னாங்களாமா. பொறக்கறதுக்கும் அப்புடியே வந்துருமோன்னு..." என்றிருக்கிறார்.

காரணம் அதுதானா, வேறு எதற்கோ சொன்ன சாக்கா, யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு தாய்க்குக் காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டது. அடுத்த முறை போட்டோ எடுக்கப் போனபோது கண்ணாத்தாள் ஸ்டூடியோக்காரரிடம், "முடிய மட்டும் கொஞ்சம் படிய வெச்சிரு சாமி" என்றாள். அவர் கம்ப்யூட்டரில் படிய வைத்தார். தோள்வரை நேராக இறங்கும் பளபளவென்ற முடி. அந்தப் போட்டோதான் திருச்செங்கோட்டுக்குப் போனது.

திருச்செங்கோட்டில் மோகன்குமார். போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். வருடத்தில் பாதி நாள் வண்டியோடு ஆந்திராவில் இருப்பான். இரண்டு வீட்டிலும் சம்மதித்து, நேரில் பார்ப்பதற்கு முன்பே போனில் பேசவிட்டார்கள். நல்லபடியாகப் பேசியிருக்கிறான். பாறையில் துளை போடும்போது தண்ணீர் வருவதற்கு முன்னால் வரும் ஈர மண்ணின் நிறத்தைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறான். தனப்பிரியா அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்டிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும்.

ஒருநாள் அவன், "போட்டோவுல உங்க முடி நெம்ப நல்லாருக்குதுங்க. எங்கம்மா அதையேதான் சொல்லிட்டிருக்கறாங்க" என்றான்.

அவள் "தேங்க்ஸுங்க" என்றாள்.

"அந்த எடத்துல சொல்லியிருக்கோணுங்க்கா. சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாம், அது ஸ்டூடியோக்காரர் முடின்னு. தேங்க்ஸுன்னு வாயில வந்துருச்சு."

4

இனி கட்டுரைக்காகக் குறித்துக்கொண்டவை. பாதியைக் கட்டுரையில் போட்டேன், மீதி இங்கே.

போட்டோவில் இருப்பவளாக மாற வேண்டும். பார்லருக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே வீட்டில். எனவே மென்மையானது. அவள் ஒரு கோடை விடுமுறை முழுக்க இதைப் படித்தாள். முடியை நேராக்கும் கிரீம்களில் பெரிய பிரிவு இரண்டு. இங்கே பார்லர்களில் அதிகம் பூசுவது ஒன்று. ஆன்லைனில் வாங்கினால் 'லை (கடுங்காரம்) இல்லாதது', 'உணர்வுமிக்க தலைச்சருமத்துக்கு' என்றெல்லாம் பெட்டியில் எழுதி வருவது இன்னொன்று. இரண்டுமே முடிக்குள் இருக்கும் பிணைப்பை அறுத்துத்தான் நேராக்குகின்றன. அறுக்கும் விதம் வேறு. அதனால்தான் ஒன்றின் மேல் மற்றது கூடாது.

"மைல்டுன்னா என்ன தனம்?" என்று கேட்டேன்.

"சுடாததுன்னு ஒண்ணு கெடையாதுங்க்கா. மெதுவா சுடறது. அவ்வளவுதான்."

(கட்டுரையில் இதை 'மென்மையான கிரீம்களும் எச்சரிக்கையோடு கையாளத் தக்கவையே' என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் அந்தப் பக்கத்தில் போடுவார்கள்.)

அவள் இரண்டாவது பிரிவில், இருப்பதிலேயே வீரியம் குறைந்ததை வாங்கினாள். முந்தைய நாள் தலைக்குக் குளிக்கவில்லை, சொறியவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுக் கிரீம் வைத்துப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு கொத்து முடியில் மட்டும் பூசிப் பார்த்தாள். நெற்றி ஓரமும் காதும் வாஸலின். கையுறை. பெட்டியில் சொன்ன நேரத்துக்கு ஒரு நொடியும் கூடுதல் இல்லை. பெட்டியோடு வந்த ஷாம்புவால் சுத்தமாகக் கழுவினாள். எரிச்சல் இல்லை, கொட்டவில்லை. ஒரு தவறும் இல்லை.

எழுதுகிறவளாக எனக்கு இங்கே ஒரு தவறு தேவைப்பட்டது. அவள் அவசரப்பட்டாள், நேரம் பார்க்க மறந்தாள் என்று ஏதாவது. பிழையிலிருந்து கேடு பிறந்தால் வாசிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும், நாம் அந்தப் பிழையைச் செய்யமாட்டோம் என்று. அவள் எனக்கு அதைத் தரவில்லை.

5

மென்மையான கிரீம் மென்மையாகவே வேலை செய்தது. சுருள் தளர்ந்தது. நேராகவில்லை. காடு போய் அலை வந்திருந்தது, கழுத்தோரம் நெளிநெளியாக. கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது என்கிறாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் முடியில் சீப்பு மேலிருந்து கீழே வரை ஓடியது.

கண்ணாத்தாள் பின்னால் நின்று பார்த்தாள். கையில் போட்டோ இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது சாமி," என்றாள். பிறகு, "ஆனா இதாட்டம் இல்லையே" என்றாள்.

6

கதை இங்கே வந்து பல நாள் நின்றுகிடந்தது.

திருச்செங்கோட்டுக்காரர்கள் வருவதாகச் சொன்ன வாரம். ஞாயிற்றுக்கிழமை மதியம். கண்ணாத்தாள் யாரிடமும் சொல்லாமல் ராசிபுரம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினாள். பேப்பரில் சுற்றிய ஒரு டியூப். பஸ் ஸ்டாண்டு பக்கம் தீபிகா என்ற பெண் நடத்தும் பார்லரிலிருந்து வாங்கியது. புழக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"இதப் பாரு அம்மிணி. தீபிகா குடுத்தா. இது போட்டா கோடு போட்டாப்பல நிக்குமாமா. எல்லாரும் இதத்தான் போடறாங்களாமா."

தனப்பிரியா டியூபை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். முதல் பிரிவு. பார்லர் வகை.

"முன்னால ஒண்ணு போட்டிருக்கோம்னு அவகிட்டச் சொன்னியாம்மா?"

"சொன்னேன், சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னுட்டா."

(கண்ணாத்தாள் சொல்லவில்லை. தீபிகா கேட்டிருக்கிறாள், முன்னாடி ஏதாச்சும் கெமிக்கல் போட்டிருக்குதுங்களா என்று. ராசிபுரம் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயந்து கண்ணாத்தாள் இல்லவே இல்லை என்றிருக்கிறாள். இது பின்னால்தான் தெரியவந்தது, இந்த அடைப்புக்குறியும் பின்னால் சேர்த்ததுதான்.)

"படிச்சுட்டியா? நல்லதுதான? போட்டரலாமல்ல?"

கண்ணாத்தாளின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். "சந்தோசமா இருந்துச்சுங்க்கா. ரெண்டு வருசமா அந்த மூஞ்சிய நான் பாக்கல" என்றாள்.

தனப்பிரியா டியூபைத் திருப்பிக் கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போடும்மா" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு போன் வருவதாக எழுதிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாரோ கூப்பிடுவதாக, கந்தப்பன் மோட்டார் ரிப்பேர் என்று கத்திக்கொண்டு வருவதாக, டியூபின் மூடி திறக்க மறுப்பதாக. எல்லாவற்றையும் எழுதினேன், எல்லாவற்றையும் அடித்தேன். யாரும் வரவில்லை. மூடி சுலபமாகத் திறந்தது.

கண்ணாத்தாள் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினாள். பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பதத்தில் பூசினாளாம். பூசிக்கொண்டே பேசினாள். மண்டபம் திருச்செங்கோட்டிலேயே பிடித்துவிடலாம், ஒறம்பறை சனங்களுக்கு அதுதான் தோது. அந்தப் பையன் ஆந்திராவுக்குப் போகிற மாதங்களில் நீ இங்கே வந்து இருந்துக்கலாம். பள்ளிக்கூட வேலையை விட வேண்டாம்.

"எரியுதா சாமி?"

"இல்லம்மா."

எரிந்தது.

7

சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றியபோது முடி தண்ணீரோடு வந்தது. கண்ணாத்தாள் முதலில் கிரீம் கரைந்து வருகிறது என்றுதான் நினைத்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கொத்தாக, ஈரமாக, நூல் அறுந்த மாதிரி. அவள் அலறவில்லை. கையில் வந்த முடியைத் திரும்ப மகளின் தலைமேல் வைத்து அழுத்தினாள். ஒட்டிவிடும் என்பதுபோல, வைத்து வைத்து அழுத்தினாள்.

"அம்மா, உடும்மா," என்று தனப்பிரியாதான் அவள் கையைப் பிடித்து எடுத்தாள்.

சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் கந்தப்பன் காரில் கூட்டிப்போனார். தலைச்சருமம் சில இடங்களில் வெந்திருந்தது. வெந்த இடங்களில் முடி வருமா என்று கேட்டதற்கு, ஆறட்டும் பார்ப்போம் என்றார். திருச்செங்கோட்டுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியனுப்பினார்கள்.

புண் ஆறியதும் பழனிக்குப் போனார்கள். மிச்சத்தை எடுத்துவிட்டால் வேண்டுதல் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே மகள் மொட்டைக்கு உட்கார்ந்ததும் கண்ணாத்தாளும் பக்கத்தில் உட்கார்ந்து தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். ஒருத்தி மட்டும் மொட்டையடித்தால் நம்பமாட்டார்கள், இரண்டு பேர் என்றால் நம்புவார்கள் என்றாள். இடுப்பளவு முடி அவளுக்கு. வைத்தியத்துக்குக்கூட வெட்டவிடாத முடி. அம்மாவும் மகளும் சந்தனம் பூசிய தலையோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தார்கள். ஊர் நம்பியது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இப்படி ஒரு காட்சி கிடைத்தால் எழுதுகிறவர்கள் முடித்துவிடுவார்கள். ஆனால் முடி வளரும். கண்ணாத்தாளுக்கு வளர்ந்தது, அடர்த்தியாக, நரைகூட அதிகம் இல்லாமல். தனப்பிரியாவுக்குக் காதோரமும் பிடரியிலும் மட்டும் வந்தது. உச்சியில் தோல் மினுமினுவென்று அப்படியே இருக்கிறது. கண்ணாத்தாள் தன் முடியைக் கண்ணாடியில் பார்க்கச் சகிக்காமல் வளர வளரத் துணி வெட்டும் கத்தரியால் நறுக்கிக்கொள்கிறாள். தனப்பிரியா விக் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். கடையில் சுருட்டை விக் இல்லை. நேரான முடிதான் இருந்தது.

8

ஏன் உட்கார்ந்தாள்?

படித்துப் பார்த்தாள். தெரிந்தது. தெரிந்தும் 'போடும்மா' என்றாள். இந்தப் பாத்திரத்தை நம்பாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவளுக்காகக் காரணங்கள் எழுதினேன். அம்மாவின் சந்தோஷத்தை உடைக்க மனம் வரவில்லை. அல்லது, யாரோ வந்து பார்த்துவிட்டுப் போவது இத்தோடு ஒழியட்டும் என்று ஓர் அலுப்பு. அல்லது, அந்தப் போட்டோவை அவள் எரித்தாள், எரிப்பதற்குத் தன் தலைதான் இருந்தது. (இது ரொம்ப அழகாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.) அல்லது, ஒருவேளை ஒன்றும் ஆகாது என்ற

ஒவ்வொன்றையும் அவளிடம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும், "அப்படியும் இருக்கலாங்க்கா" என்றாள். மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் அவளாக ஒன்று சொன்னாள்.

"லேப்ல ஆசிட் பாட்டிலத் தெறக்கறதுக்கு முன்னாடி பசங்களுக்கு நான் சொல்றதுதான். இது என்ன பண்ணும்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க, தெரிஞ்சாப் போதும், கை தானா நின்னுரும்னு. எத்தன வருசமாச் சொல்லிருப்பேன். நிக்கலைங்க்கா."

9

மோகன்குமாரை இந்தக் கதையில் நல்லவனாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவன் நல்லவன்தான். காமாலை என்றதும் பத்தியச் சாப்பாட்டைப் பற்றி மெசேஜ் அனுப்பினான். ஆந்திராவிலிருந்து கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பிறகு, 'உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா சொல்லிருங்க, பரவால்லைங்க' என்று ஒரு மெசேஜ். அதற்கும் அவள் பதில் போடவில்லை. ஆவணியில் அவனுக்குக் கண்ணாலம் ஆகிவிட்டது.

அவனை நாமகிரிப்பேட்டைக்கு வரவழைத்து ஓர் அத்தியாயம் எழுதினேன். ரிக் வண்டியிலேயே வருகிறான். வாசலில் நிறுத்துகிறான். அவள் விக் இல்லாமல் வெளியே வருகிறாள். அவன் பார்த்துவிட்டு

கிழித்துப்போட்டேன். அவன் வரவில்லை. வருவதற்கு அவனுக்கு என்ன தெரியும்?

10

இவ்வளவும் எழுதி முடித்து, முடிவில்லாமல் வைத்திருந்தேன். இன்று மதியம் தனப்பிரியா கூப்பிட்டாள். பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை. பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

நேற்று ஒரு கண்ணாலத்தில் கண்ணாத்தாள் தீபிகாவைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததெல்லாம் சாப்பாட்டுப் பந்தியிலேயே வெடித்திருக்கிறது. நீ குடுத்த மருந்துதான் என் பொண்ணு தலையைத் தின்னது என்று. தீபிகா அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள், "நான் கேட்டனுங்களே, முன்னாடி ஏதாச்சும் போட்டிருக்குதான்னு. நீங்கதான் இல்லைன்னீங்க. சரி, நீங்கதான் படிக்காதவங்க. மிஸ்ஸு கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறவங்கதானுங்களே, அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

கண்ணாத்தாள் இன்று காலையில் மகளின் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏஞ்சாமி, அது அப்புடி ஆகும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. வந்து சொல்றேன்" என்று தனப்பிரியா கிளம்பிவிட்டாள்.

"பொழுதோட வீட்டுக்குப் போனா அம்மா கேப்பாங்க்கா. என்ன சொல்றது? நீங்க கதையெல்லாம் எழுதறவங்கதான. சொல்லுங்க."

நான் யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, வெச்சிடறேங்க்கா என்று வைத்துவிட்டாள்.

அதிலிருந்து இரண்டையும் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதும்மா என்கிறாள். கண்ணாத்தாள் தலையை ஆட்டிக்கொள்கிறாள். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னது நான், பூசியது நான், அவள் பாவம் ஒன்றும் அறியாதவள் என்று சாகிறவரை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். கத்தரியை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போகிறாள்.

தெரியும்மா என்கிறாள். கண்ணாத்தாள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போகிறாள். தான் மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பூசியபோது, எரியுதா என்று கேட்டபோது, தன் கைக்குக் கீழே ஒருத்தி எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது பார்க்கிறாள். தன்னிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல். அப்படி ஓர் அம்மாவாகத் தான் இருந்திருக்கிறோம் என்று.

இரண்டில் எது இரக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஒன்று இருந்தால் நான் இந்நேரம் கண்டுபிடித்திருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்குச் சொல்லுங்கள். பள்ளி விட்டிருக்கும். ராசிபுரத்தில் பஸ் ஏறியிருப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் விக் நகராமலிருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊர் வருவதற்குள்